கோப்பு ஏன் திறக்கவில்லை: பெர்ல் நிரலில் அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

பெர்ல் மொழியில் ஒரு கோப்பைத் திறக்கும் ஓப்பன் கட்டளை தோற்றுப்போனால் நிரல் தானாக நின்றுவிடுவதில்லை. கட்டளை பொய் மதிப்பைத் திருப்பித் தரும். தோல்விக்கான காரணத்தை `$!` என்னும் மாறியில் வைக்கும். அதன் பிறகு நிரல் ஒன்றும் நடவாததுபோல் அடுத்த வரிக்குச் சென்றுவிடும். பைத்தானில் திறக்க இயலாத கோப்பு உடனே விதிவிலக்கை எழுப்பி, பிழை எண், காரணம், கோப்பின் பெயர் ஆகிய மூன்றையும் சேர்த்தே காட்டிவிடுகிறது. பெர்லில் அந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லும் பொறுப்பு நிரல் எழுதுபவரைச் சேர்ந்தது. அதனால் இங்கே கோப்புப் பிழையைத் தேடுகிறவர் பெரும்பாலும் இரண்டு பிழைகளைத் தேடுகிறார்: ஒன்று கோப்பில் உள்ளது, மற்றொன்று அதைப் பற்றிய செய்தியில் உள்ளது. இரண்டாவதை முதலில் சரிசெய்தால் முதலாவது பல நேரங்களில் தானே வெளிப்பட்டுவிடும். கீழே தரப்பட்டுள்ள பிழை எண்கள் லினக்ஸுக்கு உரியவை.

செய்தியே இல்லை, நிரல் முடிகிறது, வெளியீடு காலியாக இருக்கிறது

ஓப்பன் திருப்பித் தந்த மதிப்பை யாரும் சோதிக்கவில்லை என்பதே இதற்கு வழக்கமான காரணம். பெர்லின் எச்சரிக்கை வசதியாகிய வார்னிங்ஸ் இயக்கத்தில் இருந்தால், மூடிய கைப்பிடியிலிருந்து (திறந்த கோப்பை நிரல் கையாளும் மாறியிலிருந்து) படிக்க முயன்றதாக ஓர் எச்சரிக்கை வரும். ஆயினும் அது கோப்பைத் திறந்த வரியைச் சுட்டாமல் படிக்க முயன்ற வரியையே சுட்டும் என்பதால், நீண்ட நிரலில் தேடுபவரை அது தவறான இடத்துக்கு அழைத்துச் செல்லும். ஓப்பனை அடுத்து "ஆர்" என்னும் சொல்லை இட்டு, அதன் பின் நிரலை நிறுத்தும் "டை" கட்டளையை எழுதுவதே நீண்டகாலமாக வழங்கிவரும் தீர்வு.

அப்படி எழுதியிருந்தும் செய்தி வரவில்லையென்றால், "ஆர்" என்னும் சொல் இருக்க வேண்டிய இடத்தில் `||` என்னும் குறி இருக்கிறதா என்றும், ஓப்பனின் உள்ளீடுகளைச் சுற்றி அடைப்புக்குறி விடுபட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். காற்புள்ளியைவிட `||` குறிக்கு முன்னுரிமை அதிகம். ஆகவே அடைப்புக்குறி இல்லாத வரியில் அந்தக் குறி ஓப்பனின் விளைவோடு சேராமல், கடைசி உள்ளீடாகிய கோப்புப் பெயரோடு சேர்ந்துகொள்ளும். வெற்றுச் சரமாகவோ 0 ஆகவோ இல்லாத எந்தப் பெயரும் மெய் மதிப்புடையது என்பதால், பிழை எத்தனை முறை நேர்ந்தாலும் டை கட்டளைக்கு வேலையே வராது. சோதனை எழுதப்பட்டிருப்பதாகக் கண்ணுக்குத் தெரிந்தும் செயல்படாமல் இருப்பதால், சோதனையே எழுதாத நிரலைவிட இது மோசமானது என்று கருதுகிறேன்.

ஒவ்வொரு வரியிலும் இதை நினைவில் வைத்துக்கொள்வது கடினம் என்பவர்கள், பெர்ல் 5.10.1 முதல் மொழியோடு சேர்ந்தே வரும் ஆட்டோடை தொகுதியைப் பயன்படுத்தலாம். அது ஓப்பன், க்ளோஸ் முதலிய கட்டளைகளின் தோல்வியை விதிவிலக்காக மாற்றுவதோடு, எந்தக் கோப்பு, படிக்கவா எழுதவா, என்ன காரணம் என்பதையும் செய்தியில் தானே எழுதிவிடும். அது எழுதப்பட்ட நிரல்பகுதியின் எல்லைக்குள் மட்டுமே செல்லுபடியாகும் என்பதையும், பிரின்ட் கட்டளையை அது கண்காணிப்பதில்லை என்பதையும் மறக்கலாகாது.

"கோப்பைத் திறக்க முடியவில்லை" என்று மட்டும் வருகிறது

இது உண்மையான செய்திதான். ஆனால் இதைக் கொண்டு ஒன்றும் செய்ய இயலாது. நடு இரவில் பதிவேட்டில் இந்த ஒரு வரியைக் காண்பவர், நிரலின் மூலத்தைத் திறந்து படிக்காமல் ஓர் அடியும் எடுத்து வைக்க முடியாது. செய்தியில் நான்கு விவரங்கள் இருந்தாக வேண்டும்: படிக்கத் திறந்தோமா எழுதத் திறந்தோமா, எந்தப் பெயரைக் கொண்டு திறந்தோம், இயக்குதளம் சொன்ன காரணம் என்ன, நிரலின் எந்த வரியில் இது நடந்தது. எடுத்துக்காட்டாக, "தரவு/விலை.உரை" என்னும் கோப்பைப் படிப்பதற்குத் திறக்கும்போது செய்தி இப்படி அமையலாம்:

'தரவு/விலை.உரை' என்னும் கோப்பைப் படிக்கத் திறக்க இயலவில்லை: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி

பெயரைச் சுற்றியுள்ள மேற்கோள் குறிகளை அலங்காரமாக எண்ண வேண்டாம். அவற்றின் பயன் பின்னால் தெரியவரும். நான்காவது விவரமாகிய வரி எண்ணை டை தானே சேர்த்துக்கொள்ளும்; ஆனால் நீங்கள் தரும் செய்தி புதுவரிக் குறியுடன் முடிந்தால் சேர்க்காது. செய்தி அழகாக அச்சாக வேண்டும் என்று இறுதியில் புதுவரிக் குறி இடும் பழக்கம் உள்ளவர்கள், தங்களை அறியாமலேயே வரி எண்ணைத் துறந்துவிடுகிறார்கள்.

காரணத்துக்கு உரிய `$!` மாறி இரட்டை இயல்புடையது. சரமாகப் பயன்படுத்தினால் காரணத்தின் வாசகத்தையும், எண்ணாகப் பயன்படுத்தினால் பிழை எண்ணையும் தரும். மனிதர் படிக்க வாசகத்தைத் தருவது சரியே. நிரலுக்குள் "கோப்பு இல்லையென்றால் புதிதாக உருவாக்கு, வேறு பிழையென்றால் நிறுத்து" என்று முடிவெடுக்க வேண்டிய இடத்தில் வாசகத்தை ஒப்பிடக் கூடாது, எண்ணையோ, `%!` அட்டவணையில் எனோஎன்ட் (கோப்பு இல்லை என்னும் பிழையின் பெயர்) போன்ற பெயரையோ சோதிப்பதே முறை. பிடிபடாத டை, `$!` மாறியில் உள்ள எண்ணையே நிரலின் வெளியேறு நிலையாகவும் தரும் என்பதால், பதிவேடே இல்லாத இடத்திலும் வெளியேறு நிலை 2 எனில் கோப்பு இல்லை என்றும் 13 எனில் அனுமதி இல்லை என்றும் ஊகிக்க முடியும்.

இந்தக் குறைபாடு பெர்லுக்கு மட்டும் உரியதன்று. ரஸ்ட் மொழியின் அடிப்படை உள்ளீட்டுப் பிழை காரணத்தையும் எண்ணையும் சொல்லும். கோப்பின் பெயரை மட்டும் சொல்லாது. ஜாவாவின் பழைய கோப்பு வகுப்புகளிலோ அனுமதி மறுக்கப்பட்ட கோப்புக்கும் "ஃபைல் நாட் ஃபவுண்ட்" என்னும் பெயருடைய விதிவிலக்கே எழும். உண்மையான காரணம் அதன் பின்னால் அடைப்புக்குறிக்குள் இருக்கும்.

காரணம் தொடர்பே இல்லாததாக இருக்கிறது: "இனப்ரோப்ரியேட் ஐஆக்டில் ஃபார் டிவைஸ்"

சாதாரண உரைக் கோப்பைத் திறக்கும் நிரலில் இந்தச் செய்தியைக் கண்டால், கோப்பையோ வட்டையோ சந்தேகிக்க வேண்டியதில்லை. இது பிழை எண் 25. முனையம் அல்லாத ஒன்றிடம் முனையத்துக்கு உரிய வினாவைக் கேட்டதன் விளைவு. பெர்ல் ஒவ்வொரு கோப்பையும் வெற்றிகரமாகத் திறந்ததும், இடையகத்தை (தரவைத் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் நினைவிடத்தை) எப்படி அமைப்பது என்று முடிவுசெய்வதற்காக, அது முனையமா என்று கேட்டுப் பார்க்கிறது. அல்ல என்று விடை வரும்போது அந்த எண் எஞ்சி நின்றுவிடுகிறது. ஆகவே இந்தச் செய்தியைக் கண்டால், ஏதோ ஒரு கோப்பு வெற்றிகரமாகத் திறந்தது என்றும், அதற்குப் பிறகுதான் `$!` படிக்கப்பட்டது என்றும் பொருள் கொள்ளலாம்.

`$!` சி நூலகத்தின் எர்னோ மாறியின் மறுபெயர் என்பதை நினைவில் கொண்டால் இதன் அடிப்படை விளங்கும். தோல்வி நேரும்போது அதில் எண் எழுதப்படும்; வெற்றி நேரும்போது அது 0 ஆக்கப்படுவதில்லை. ஆகவே ஒரு கட்டளை தோற்றதா என்பதை `$!` மாறியைப் பார்த்துத் தீர்மானிக்கவே கூடாது. கட்டளை திருப்பித் தந்த மதிப்பைப் பார்க்க வேண்டும். தோற்றது உறுதியான பின், அடுத்த எந்தக் கட்டளைக்கும் முன்பாக, `$!` மாறியைப் படிக்க வேண்டும்.

இதில் நான் சறுக்கிய இடம் ஒன்று உண்டு. தோல்வியின்போது முதலில் "பிழை நேர்ந்தது" என்று பதிவேட்டில் எழுதும் ஒரு செயற்கூற்றை அழைத்து, அதன் பிறகு `$!` மாறியை அச்சிடும்படி எழுதியிருந்தேன். பதிவேடு எழுதும் செயற்கூறு தன் வேலைக்காகப் பதிவேட்டுக் கோப்பைத் திறந்தது. திறந்ததும் எண் 25 வந்து உட்கார்ந்துகொண்டது. உண்மையான காரணமாகிய 13 அழிந்துபோனது. வட்டின் சாதன இயக்கியில் கோளாறு என்று நம்பி ஒரு முழு மாலையைச் செலவிட்ட பிறகே, என் செயற்கூறுதான் சான்றை அழித்தது என்பது தெரிந்தது. தோல்விக் கிளையின் முதல் வரியிலேயே `$!` மாறியை வேறொரு மாறியில் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு வேண்டியதைச் செய்தால் இந்த வகைச் சிக்கல் முற்றிலும் நீங்கும். நகல் எடுக்கும்போது சரமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். எண் தேவையென்றால் அதைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம்.

"நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்கிறது; ஆனால் கோப்பு கண்முன்னே இருக்கிறது

இது பிழை எண் 2. கேட்பவரைப் பொறுமையிழக்கச் செய்வதில் இதற்கு இணை இல்லை. இயக்குதளத்தின் மையமாகிய கெர்னல் பொய் சொல்வதில்லை என்று தொடக்கத்திலேயே ஏற்றுக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும்: நீங்கள் காணும் பெயரும் நிரல் கேட்ட பெயரும் ஒன்றல்ல, அல்லது நீங்கள் பார்க்கும் இடமும் நிரல் பார்த்த இடமும் ஒன்றல்ல.

பெயரிலிருந்து தொடங்கலாம். பெயரை ஒரு பட்டியல் கோப்பிலிருந்தோ விசைப்பலகையிலிருந்தோ படித்திருந்தால், அதன் இறுதியில் புதுவரிக் குறி ஒட்டிக்கொண்டிருக்கும். செய்தியில் பெயரைச் சுற்றி மேற்கோள் குறிகள் இருந்தால், மூடும் குறி அடுத்த வரியின் தொடக்கத்தில் தனியே விழுந்திருப்பதைக் கண்டவுடனேயே இது புரிந்துவிடும். இல்லையென்றால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. வார்னிங்ஸ் இயக்கத்தில் இருந்தால், புதுவரிக் குறி உள்ள பெயரைத் திறக்க முயன்றதாக பெர்லே எச்சரிக்கும். சாம்ப் கட்டளை இதைத் தீர்க்கும். பட்டியல் விண்டோஸில் தயாரிக்கப்பட்டதென்றால், சாம்ப் புதுவரிக் குறியை நீக்கிய பிறகும் அதற்கு முன்னுள்ள வண்டித்திருப்புக் குறி எஞ்சியிருக்கும். அப்போது முனையத்தில் செய்தியின் பிற்பகுதி முற்பகுதியின் மேலேயே அச்சாகி, வரி குழம்பித் தெரியும். அந்தக் குழப்பமே நோயின் அடையாளம்.

பழைய நிரலைப் புதுப்பித்தவுடன் இந்தப் பிழை தோன்றினால் அதற்கும் ஒரு காரணம் உண்டு. ஓப்பனை இரண்டு உள்ளீடுகளுடன் எழுதும் பழைய முறையில், பெர்ல் பெயரின் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடங்களையும் புதுவரிக் குறியையும் தானே களைந்துவிடும். 5.6 பதிப்பில் வந்த மூன்று உள்ளீட்டு முறையில் பெயர் உள்ளபடியே எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே ஆண்டுக்கணக்கில் சாம்ப் இல்லாமல் ஓடிய நிரல், சரியான முறைக்கு மாற்றிய அன்றே தோற்கும். அதற்காகப் பழைய முறைக்குத் திரும்பக் கூடாது. அந்த முறையில் `>` குறியுடன் தொடங்கும் பெயரை வெளியார் எவரேனும் தந்தால், படிக்கத் திறக்கப்படும் என்று நீங்கள் நினைத்த கோப்பு எழுதத் திறக்கப்பட்டு வெறுமையாகிவிடும்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. "கொள்முதல்" என்னும் சொல்லில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்னும் இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. யூடிஎஃப்-8 குறிமுறையில் முதலாவது 3 பைட், இரண்டாவது 6 பைட். லினக்ஸின் கோப்பு முறைமைகள் பொதுவாகப் பெயரைப் பைட் பைட்டாகவே ஒப்பிடுவதால், அவை இரண்டும் வெவ்வேறு கோப்புகள். ஓகாரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும் இதுவே பொருந்தும். மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது என்பதால், அங்கிருந்து நகலெடுத்த கோப்புகளில் இதைச் சந்திக்க வாய்ப்பு அதிகம். இதற்கு யூனிகோட் நார்மலைஸ் தொகுதியைக் கொண்டு, நிரல் தேடும் பெயரையும் கோப்புறையிலிருந்து படித்த பெயரையும் ஒரே வடிவுக்குக் கொணர்ந்து ஒப்பிட வேண்டும். பொருந்தியது தெரிந்தபின், கோப்புறை தந்த அசல் பைட்டுகளைக் கொண்டே திறக்க வேண்டும். ஆனால் "ஔ" என்னும் எழுத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து எழுதியிருந்தால் எந்தத் தொகுதியும் உதவாது. அது எழுத்துப்பிழை, பெயரைத்தான் மாற்ற வேண்டும். வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்த பெயர்களில் அகலமே இல்லாத இணைப்புக் குறிகள் ஒளிந்திருப்பதும் உண்டு. இத்தகைய சந்தேகம் எழுந்தால், பெயரை அப்படியே அச்சிடாமல், ஒவ்வொரு எழுத்தின் குறியெண்ணையும் அச்சிட்டுப் பார்ப்பது ஒன்றே நம்பத்தக்க வழி.

பெயர் சரியென்று உறுதியானால் இடத்தைப் பார்க்க வேண்டும். சாய்கோட்டில் தொடங்காத பாதை, நிரல் இருக்கும் கோப்புறையிலிருந்து கணக்கிடப்படுவதில்லை. நிரல் இயங்கும்போது நடப்பிலுள்ள கோப்புறையிலிருந்து கணக்கிடப்படுகிறது. கையால் இயக்கும்போது சரியாக ஓடும் நிரல், குறித்த நேரத்தில் நிரல்களை இயக்கும் கிரான் மூலம் ஓடும்போது தோற்பதற்கு இதுவே முதற்காரணம்: கிரான் அதைப் பயனரின் வீட்டுக் கோப்புறையிலிருந்து தொடங்குகிறது. பாதை சார்புடையதாக இருக்கும் இடங்களில், நடப்புக் கோப்புறையின் பெயரையும் செய்தியில் சேர்த்துவிடுவது நல்லது. அதைக் கேட்டறியும் செயலே `$!` மாறியை மாற்றிவிடக்கூடும் என்பதால், முன் சொன்ன நகலெடுப்பு இங்கும் முந்தி நிகழ வேண்டும்.

மேலும் சில காரணங்கள் உண்டு. வீட்டுக் கோப்புறையைக் குறிக்கும் `~` குறியை விரித்துத் தருவது ஷெல்லின் வேலை. ஓப்பன் அதை விரிக்காது. எழுதத் திறக்கும்போது கோப்பு இல்லையென்றால் உருவாக்கப்படும். அதைக் கொள்ளும் கோப்புறை இல்லையென்றால் உருவாக்கப்படாது, எண் 2 திரும்பி வரும். வேறொரு கோப்பைச் சுட்டும் சிம்லிங்க் ஒன்றின் இலக்கு நீக்கப்பட்டிருந்தால், பட்டியலில் பெயர் தெரியும். படிக்கத் திறந்தால் கோப்பு இல்லை என்றே விடை வரும்.

"பெர்மிஷன் டினைட்" என்கிறது. கோப்பின் அனுமதி 644 ஆக இருக்கிறது

644 என்றால் உரிமையாளர் எழுதலாம், எல்லாரும் படிக்கலாம்; 700 என்றால் உரிமையாளருக்கு மட்டுமே எல்லா அனுமதியும். எண் 13 வந்தால், கோப்பின் அனுமதியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது வீண். பாதையில் உள்ள ஒவ்வொரு கோப்புறையிலும் நுழைவதற்கான அனுமதி, அதாவது இயக்க அனுமதி, அந்தப் பயனருக்கு இருந்தாக வேண்டும். இடையில் ஒரே ஒரு கோப்புறை 700 ஆக இருந்தாலும், அதற்கு உரிமையாளர் அல்லாதவருக்கு உள்ளே இருக்கும் கோப்பின் 644 பயன்படாது. நேம்ஐ என்னும் கட்டளையை எல் விருப்பத்துடன் இயக்கினால், பாதையின் ஒவ்வொரு படியும் அதன் அனுமதியோடும் உரிமையாளரோடும் ஒரே பட்டியலில் வந்துவிடும். அடைபட்ட கதவு எது என்று தேட வேண்டியிருக்காது. "அந்தப் பயனர்" யார் என்பதையும் ஊகிக்க வேண்டாம். செயல்படும் பயனர் எண் `$>` மாறியில் இருக்கிறது; இந்த வகைப் பிழைக்கு அதையும் செய்தியில் எழுதிவிடலாம். ரூட் பயனராகச் சோதித்துவிட்டு "எனக்குத் திறக்கிறதே" என்று சொல்வதில் பொருள் இல்லை. ரூட்டுக்கு இந்தச் சோதனைகள் பொதுவாகப் பொருந்துவதில்லை.

எழுதத் திறக்கும்போது 13 வராமல் 30 வந்தால், கோப்பு முறைமை படிப்பதற்கு மட்டும் ஏற்றப்பட்டுள்ளது. 1 வந்தால், மாற்ற இயலாதது என்னும் பண்பு கோப்பின் மேல் இடப்பட்டிருக்கலாம். காரண வாசகத்தைத் தன் சொந்தச் சொற்களால் மாற்றி, எல்லாவற்றையும் "அனுமதி இல்லை" என்று எழுதும் நிரல்கள் இந்த வேறுபாட்டை விழுங்கிவிடுகின்றன.

திறப்பதற்கு முன் "இந்தக் கோப்பைப் படிக்க முடியுமா" என்று சோதித்து, முடியாதெனில் தாமே ஒரு செய்தி எழுதும் வழக்கமும் கைவிடத்தக்கது. சோதனைக்கும் திறப்புக்கும் இடையில் நிலைமை மாறலாம் என்பது ஒருபுறமிருக்க, சோதனை சொல்லும் காரணம் கெர்னல் சொல்லும் காரணத்தைவிட எப்போதும் குறைவான விவரமுடையது. திறந்து பார்ப்பதைவிட நல்ல சோதனை இல்லை.

"ஃபைல் நேம் டூ லாங்" என்கிறது. பெயர் அத்தனை நீளமில்லை

எண் 36. ஈஎக்ஸ்டி4 போன்ற முறைமைகளில் ஒரு பெயரின் உச்ச அளவு 255. அது எழுத்துகளின் எண்ணிக்கையல்ல, பைட்டுகளின் எண்ணிக்கை. தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் 3 பைட் கொள்வதால் 85 குறியெண்களில் எல்லை முடிந்துவிடும். உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால், காணும் எழுத்துகள் அதனினும் குறைவு. கட்டுரைத் தலைப்பை அப்படியே கோப்புப் பெயராக்கும் நிரல்கள் இதில் சிக்கும்.

நூற்றுக்கணக்கான கோப்புகள் திறந்தபின் "டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்" என்கிறது

எண் 24. செய்தியில் வரும் கோப்பின் பெயர் இங்கே நிரபராதி. முந்தைய கோப்புகள் மூடப்படாமல் குவிந்ததே குற்றம். பல லினக்ஸ் அமைப்புகளில் ஒரு செயல்முறைக்கான வழக்கமான எல்லை 1,024. உள்ளீடு, வெளியீடு, பிழை ஆகிய மூன்றும் முன்பே திறந்திருக்கும். ஆகவே ஏறத்தாழ 1,020 ஆவது கோப்பில் நிரல் தவறாமல் நின்றால் வேறு சான்று வேண்டியதில்லை. பெர்லின் "மை" என்னும் சொல்லால் அறிவித்த கைப்பிடி தன் எல்லையைவிட்டு வெளியேறியதும் தானே மூடப்படும். அதை ஓர் அணியில் சேமித்து வைத்திருந்தால் மூடப்படாது. யூலிமிட் கொண்டு எல்லையை உயர்த்துவது தோல்வியைத் தள்ளிப்போடுமேயன்றி நீக்காது. எண் 24 அல்லாமல் 23 வந்தால், எல்லை நிரம்பியது உங்கள் நிரலில் அன்று, கணினி முழுவதிலும்.

திறப்பதில் பிழை இல்லை. ஆனால் ஒரு வரியும் படிக்கப்படவில்லை

கோப்பு உண்மையிலேயே காலியாக இல்லையென்றால், திறந்தது கோப்பா கோப்புறையா என்று பாருங்கள். லினக்ஸில் கோப்புறையைப் படிக்கத் திறப்பது வெற்றியடையும். படிக்கும்போதுதான் எண் 21 எழும். வரி வரியாகப் படிக்கும் சுழலுக்கோ பிழையும் கோப்பின் முடிவும் ஒன்றாகவே தெரியும் என்பதால் அது அமைதியாக முடிந்துவிடும். திறந்த கைப்பிடியின் மேல் கோப்புறைச் சோதனையை ஒருமுறை செய்துவிட்டால் போதும்.

திறந்தது, எழுதியது, பிழை இல்லை. கோப்பு பாதியில் அறுந்திருக்கிறது

பிரின்ட் கட்டளை தருவதை பெர்ல் உடனே வட்டில் எழுதுவதில்லை. சில கிலோபைட் சேரும்வரை இடையகத்தில் வைத்திருக்கும். வட்டு நிரம்பியிருந்தால் எண் 28 பிரின்ட்டின்போது வெளிப்படாமல், இடையகம் வெளியேற்றப்படும் கணத்தில், பெரும்பாலும் க்ளோஸ் கட்டளையில், வெளிப்படும். க்ளோஸின் மதிப்பை யாரும் சோதிக்காததால் அந்தச் செய்தி யாரையும் சென்றடைவதில்லை. கைப்பிடி எல்லைதாண்டித் தானே மூடப்பட்டாலோ சோதிப்பதற்கு மதிப்பே இல்லை. ஆகவே எழுதத் திறந்த ஒவ்வொரு கோப்பையும் வெளிப்படையாக மூடி, ஓப்பனுக்கு எழுதியதைப் போன்றே பெயருடனும் காரணத்துடனும் கூடிய டை கட்டளையை அங்கும் எழுத வேண்டும். அது உண்மையில் வேலை செய்கிறதா என்று அறிய வட்டை நிரப்ப வேண்டியதில்லை. லினக்ஸின் சாதனக் கோப்புறையில் "ஃபுல்" என்னும் பெயரில் ஒரு போலிச் சாதனம் இருக்கிறது. அதை எழுதத் திறந்தால் திறக்கும். ஒரு சொல்லை எழுதினால் பிரின்ட்டும் வெற்றி என்றே சொல்லும். மூடும்போது இடமில்லை என்னும் பிழை வரும். உங்கள் நிரலை அதன் மேல் ஒருமுறை ஓட்டியபின் வெளியேறு நிலை 0 ஆக இருந்தால், க்ளோஸ் இன்னும் சோதிக்கப்படாமல் இருக்கிறது.